‘99% கார்பன்’ மடக்குத் தூண்டில் ராடு: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன பொங்கல் லீவில் நாகர்கோவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்கா மகனின் உள்ளங்கையிலிருந்து நர்ஸம்மா இடுக்கியால் ஏழு இழைகளை எடுத்தார். முடியைவிட மெல்லிசு. டியூப் லைட்டுக்கு நேராகக் கையைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். 11 வயதுப் பையன் அழவில்லை, என் சட்டையை மட்டும் கசங்கக் கசங்கப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் 2,350 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கிய மடக்குத் தூண்டில் ராடிலிருந்து வந்த இழைகள் அவை. ராடின் மேல் தங்க நிற எழுத்தில் ‘99% கார்பன்’ என்று அச்சடித்திருந்தது.

நான் கோவையில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறேன். காயில் முனைகளுக்குப் போடுகிற ஃபைபர் கிளாஸ் ஸ்லீவை நாள் முழுக்க வெட்டுகிறவன். அது தோலில் பட்டால் எப்படி அரிக்கும், எப்படி மினுங்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பையன் கையிலிருந்து வந்தது அதே கண்ணாடி இழைதான். கார்பன் இழை கறுப்பாக இருக்கும். அந்த ராடு முறிந்த இடத்தில் கறுப்பு என்று இருந்தது மேல் பெயின்ட் மட்டும். உள்ளே விளக்குமாறு மாதிரி வெள்ளை வெளேரென்று பிரிந்து கிடந்தது.

முதலில் வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

சின்ன வயதிலிருந்து பவானி ஆற்றில் மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, தக்கை என்று தூண்டில் போட்டுப் பழகியவன் நான். கோவையிலிருந்து நாகர்கோவிலுக்கு ராத்திரி ரயிலில் போகும்போது கழியை எங்கே வைப்பது? தோள் பையில் அடங்குகிற மாதிரி ஒன்று வேண்டும் என்றுதான், துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி அடங்கும் டெலஸ்கோபிக் ராடு தேடினேன். கண்ணில் பட்ட விளம்பரத்தில் நீளம் 2.7 மீட்டர், 6 துண்டு, மடக்கினால் 40 செ.மீ., எடை 180 கிராம், ரீலும் நரம்பும் இலவசம் என்று போட்டிருந்தார்கள். 4.3 நட்சத்திரம் வேறு.

அந்த எண்களை ஒரு நிமிடம் பெருக்கிப் பார்த்திருந்தால் போதும். ஆறு துண்டு, ஒவ்வொன்றும் 40 செ.மீ. என்றால் மொத்தம் 240 செ.மீ. ஒரு துண்டு இன்னொன்றுக்குள் பிடித்து நிற்க, ஒவ்வொரு இணைப்பிலும் சில செ.மீ. உள்ளே இருந்தாக வேண்டும். 270 செ.மீ. எங்கிருந்து வரும்? வரவே வராது. வீட்டுக்கு வந்த ராடை டேப் வைத்து அளந்தேன். மடக்கினால் 58, நீட்டினால் 235. சமையலறைத் தராசில் 310 கிராம். எடையே காட்டிக்கொடுத்திருக்கிறது. கண்ணாடி இழையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.5 கிராம் வாக்கில், கார்பன் இழை 1.8 வாக்கில். கண்ணாடி ராடு கனமாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு என் மனசில் பட்டது பை மூடவில்லை என்பது மட்டும்தான்.

மூன்றாம் நாளே ரிட்டர்ன் போட்டேன். அன்று மாலையே விற்பனையாளர் பேசினார். அவ்வளவு மரியாதையான குரல். “சார், ரிட்டர்ன்ல போனா பணம் வர இருபது நாள் ஆகும். நீங்க ரிக்வெஸ்ட்ட கேன்சல் பண்ணிடுங்க, நாளைக்கே சரியான பீஸ் அனுப்பிடறோம், பழசையும் நீங்களே வச்சுக்கங்க” என்றார். நான் கேன்சல் செய்தேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் “ஸ்டாக் வருது சார்”. அதற்கடுத்த நாள் “பேக்கிங் ஆகுது சார்”. எட்டாம் நாள் போன் எடுக்கவில்லை. ரிட்டர்ன் கெடு ஏழு நாள்.

இதை ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். விற்பவர் போனில் எவ்வளவு இதமாகப் பேசினாலும், போட்ட ரிட்டர்ன் கோரிக்கையை ரத்து செய்யாதீர்கள். மாற்றுப் பொருள் வேண்டுமானாலும் அந்தத் தளத்தின் வழியாகவே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கொடுத்த வாக்கை அந்தத் தளம் கணக்கிலேயே எடுக்காது. என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த 4.3 நட்சத்திரத்தையும் பிறகு பொறுமையாகப் படித்தேன். பாதி விமர்சனங்கள் மொபைல் ஸ்டாண்டுக்கு எழுதியவை. “வண்டியில் மாட்ட வசதியாக இருக்கிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேறொரு பொருளுக்கு வந்த நட்சத்திரங்களின் மேல் ராடு படத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்டார் எண்ணிக்கையைப் பார்க்காமல், கடைசியாக வந்த பத்து விமர்சனங்களை, அதுவும் வாங்கியவர் எடுத்த போட்டோ உள்ளவற்றைப் படியுங்கள்.

இனி கடற்கரையில் நடந்தது. குளச்சல் பக்கம் ஒரு கிராமம். அலை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் பாறை அடுக்கி நீட்டியிருப்பார்களே, அங்கே அதைத் தூண்டில் வளைவு என்றுதான் சொல்வார்கள். தை மாதம், கடல் அமைதியாக இருந்தது. பையன் ஒரு வருஷமாக “மாமா எப்ப கூட்டிட்டுப் போவீங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தவன். சாளை மீனைத் துண்டு போட்டு முள்ளில் கோத்தேன். 30 கிராம் ஈயக்குண்டு. ராடில் 60 கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருந்ததால் பாதிதான் போட்டேன்.

இரண்டாவது வீச்சில் நுனித் துண்டு கழன்று நரம்போடு சறுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனது. இழுத்து எடுத்துத் திரும்பச் செருகினேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். இந்த வகை ராடில் துண்டுகளைப் பிடித்து நிறுத்துவது உராய்வு மட்டும்தான். ஒவ்வொரு துண்டும் அடியில் கொஞ்சம் பருத்து, வெளித் துண்டின் வாயில் இறுகி நிற்கும். அந்த இறுக்கம் தளர்ந்தால் வளையும்போது பாரம் குழாயில் சீராகப் பரவாது. இணைப்பின் விளிம்பில் மொத்தமாக விழுந்து, குழாய் சப்பையாகி, நீளவாக்கில் பிளக்கும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பாறை மீன் கடித்தது. பெரிதில்லை, ஒரு கிலோவுக்குள் இருக்கும். ராடை நெட்டுக்குத்தாகத் தூக்கவில்லை. மீன் கிட்டே வரும்போது அப்படித் தூக்கினால் நல்ல ராடும் நுனியில் முறியும், அது எனக்குத் தெரியும். சாய்வாகத்தான் பிடித்திருந்தேன். பையன் ஆசையில் முன்னால் வந்து ராடின் நடுப்பகுதியைத் தாங்கிப் பிடித்தான். சரியாக அந்த நேரத்தில், கைப்பிடியிலிருந்து இரண்டாவது இணைப்பு பட்டென்று விட்டது. மேல் பாதி அவன் பிடிக்குள்ளேயே உருவிக்கொண்டு போனது. அவன் கையைத் திறப்பதற்குள் பிளந்த முனை முழுதும் உள்ளங்கையில் உரசிவிட்டது.

பக்கத்துப் பாறையில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் தன் நரம்பைக் காலில் சுற்றி மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். “பயப்படாத மக்கா, கைய விரிச்சே வச்சுக்கோ, தேய்க்காத” என்று பையனைப் பிடித்துக்கொண்டார். பிறகு முறிந்த துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், “கம்புல குத்தமுண்டு அண்ணாச்சி, உங்க கையில குத்தமில்ல. மொழி எல்லாம் லூசால்லா இருக்கு” என்றார். மொழி என்று அவர் சொன்னது இணைப்பை. அவர் சொன்னதுதான் சரியான முதலுதவி. கண்ணாடி இழை குத்தினால் தேய்க்கக் கூடாது, உள்ளே முறிந்துவிடும். ஓடும் தண்ணீரில் கழுவி, இடுக்கியால் எடுக்க வேண்டும். ஆழமாகப் போயிருந்தால் ஆஸ்பத்திரிதான். நாங்கள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம்.

கோவைக்கு வந்ததும் ராடை மேஜையில் வைத்து முழுதாகப் பிரித்தேன். கைப்பிடியின் அடியில் ஒரு திருகு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் துண்டுகள் கீழ் வழியாக வெளியே வரும். உப்பு, மணல் கழுவுவதற்காக வைத்திருக்கும் மூடி அது. இதில் அந்த மூடியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். உடைத்துத்தான் எடுத்தேன். துண்டின் அடி விளிம்பில் பெயின்டைச் சுரண்டி, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தேன். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், மீட்டரில் ரீடிங் வரும். கண்ணாடி கடத்தாது. ஆறு துண்டிலும் முள் அசையவில்லை. 99 வேண்டாம், மருந்துக்குக்கூடக் கார்பன் இல்லை. நரம்பு ஓடும் வளையங்களில் உள்ளே வழவழவென்று ஒரு பீங்கான் வளையம் இருக்க வேண்டும். நாலாவது வளையத்தில் அது விழுந்து வெறும் தகரம் நின்றது. ஒரே நாள் உப்புத் தண்ணீருக்கு எல்லா வளையத்தின் காலும் துருப்பிடித்திருந்தது.

கண்ணாடி இழை ராடு மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கண்ணாடி ராடு முரட்டு அடியைத் தாங்கும், புதிதாகப் பழகுகிறவர் கைக்கு அதுதான் ஏற்றது, விலையும் குறைவு. கண்ணாடியைக் கண்ணாடி என்று சொல்லி விற்றால் நான் சந்தோஷமாக வாங்குவேன். என் ஆத்திரமெல்லாம் அந்தப் பொய்யின் மேல்தான். இன்னொன்று, நிஜக் கார்பன் ராடு வாங்குகிறவர்கள் அது கரன்ட்டைக் கடத்தும் என்பதை மறக்கக் கூடாது. நம் ஊர்களில் குளக்கரை, வாய்க்கால் மேலேயே லைன் கம்பி போகும். அதன் கீழே நின்று ராடை நீட்டாதீர்கள், வீசாதீர்கள். இடி மின்னல் நேரத்திலும் எடுக்காதீர்கள்.

இப்போது நான் எந்த ராடு வந்தாலும் ரிட்டர்ன் கெடுவுக்குள் இதைச் செய்கிறேன். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ. டேப், தராசு. நுனியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு துண்டாக, லேசாகத் திருகி நீட்டுவேன். வளையங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று அடியிலிருந்து கண் வைத்துப் பார்ப்பேன். கையில் பிடித்து மெதுவாக உலுக்கினால் இணைப்பில் டக்டக் என்று சத்தம் வரக் கூடாது. கொஞ்சம் பஞ்சை வளையத்துக்குள் சுற்றித் தேய்த்தால், கீறல் இருக்கும் இடத்தில் இழை மாட்டும். அந்தக் கீறல்தான் நரம்பை அறுக்கும். கடைசியாக ரீல் மாட்டி, நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, ராடைச் சாய்வாகப் பிடித்து மெல்லத் தூக்குவேன். வளைவு ஒரே ஓட்டமாக வர வேண்டும். எங்காவது மடங்கின மாதிரி முட்டு தெரிந்தால் அந்த ராடு திரும்பிப் போக வேண்டியதுதான். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாமல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். மடக்கும்போது அடித் துண்டிலிருந்து மேலே போக வேண்டும். நுனியைத் தரையில் குத்தி மடக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ராடு பாழாகிவிடும்.

மடக்கும் நீளம் குறைய வேண்டுமென்றால் துண்டுகள் கூட வேண்டும். துண்டு கூடினால் இணைப்பு கூடும், பலவீனமான இடமும் கூடும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பையில் 55 செ.மீ. இடம் இருந்தால், டெலஸ்கோபிக்கை விட்டுவிட்டு 4 துண்டாகக் கழற்றிச் செருகும் டிராவல் ராடைப் பாருங்கள் என்பேன். 2.1 மீட்டர் ராடு அந்த அளவுக்கு வந்துவிடும். உறை கொஞ்சம் இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். நான் இப்போது வைத்திருப்பது அதுதான், கடையில் கையில் எடுத்து வளைத்துப் பார்த்து வாங்கியது.

பண விஷயம். தளத்தில் “கெடு முடிந்துவிட்டது” என்று இரண்டு முறை மூடினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதே விதிகள் விற்பவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரித்தது என்பதெல்லாம் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்கின்றன. என் ராடின் பக்கத்தில் நாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடமே காலி. முறிந்த ராடின் போட்டோ, டேப் வைத்த போட்டோ, மல்டிமீட்டர் வீடியோ, அந்த வாட்ஸ்அப் உரையாடல், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். 24 நாளில் 2,350 ரூபாய் வந்தது. வராமல் இருந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம்.

அந்த ராடு இன்னும் விற்பனையில் இருக்கிறது. படம் மாறியிருக்கிறது, நிறம் நீலமாகியிருக்கிறது, எழுத்து அதே 99%. நீளம் 2.7 மீட்டர், 6 துண்டு, மடக்கினால் 40 செ.மீ.

முறிந்த ராடை எறியவில்லை. பட்டறைச் சுவரில், முறிந்த முனையில் டேப் சுற்றி மாட்டியிருக்கிறேன். இதைப் படிக்கிற கோவைக்காரர்கள் யாராவது புதிதாக ராடு வாங்கியிருந்தால், கெடு முடிவதற்குள் கொண்டு வாருங்கள். மீட்டர் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.