கடைசி வார வாத்து வேட்டைக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

வேட்டைப் பருவம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது ஒரு வேட்டை ஏற்பாட்டாளரிடம் இரண்டு நாள் பயணத்துக்கு நானும் என் மச்சானும் பணம் கட்டினோம். முதல் நாள் சதுப்பில் வாத்து. மறுநாள் புதர்க்காட்டில் ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவை, ஈரப் புல்வெளியில் உள்ளான். இரண்டு நாளிலும் எங்களுக்கு ஒரு பறவைகூடக் கிடைக்கவில்லை. அதற்காக நான் இதை எழுதவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்ட ஒவ்வொரு முறையும் அவர் "வேட்டையில் பறவைக்கு உத்தரவாதம் கிடையாது" என்றே வாயடைக்கப் பார்த்தார். பறவைக்கு உத்தரவாதம் யார் கேட்டார்கள்? தொலைபேசியில் அவராகவே கொடுத்த வாக்கு மூன்று. அந்த நீரில் பத்து நாளாக யாரும் இறங்கவில்லை. கைடு கடைசிவரை கூடவே இருப்பார். நீரில் இறங்கப் போடும், பூட்ஸோடு மார்பு வரை வரும் நீர்புகா வேடர்ஸ் உடையைச் சோதித்துத்தான் தருவோம். மூன்றுமே பொய்.

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, தூறலில், கைடு எங்களைப் படகில் கொண்டுபோய் நாணல் மறைவில் இறக்கினார். பறக்கும் வாத்துகளை ஏமாற்றி இறங்க வைக்க மிதக்கவிடும் பொம்மை வாத்துகளை அவசர அவசரமாக வீசினார். "கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிப் படகோடு போய்விட்டார். வேறொரு குழுவை வேறொரு மறைவில் இறக்கத்தான் போனார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெளிச்சம் வந்ததும் மச்சான் முதலில் காட்டியது தண்ணீரை. "இங்க பாருங்க மாமா, எத்தனை காலித் தோட்டா மிதக்குதுன்னு." எண்ணினோம், பதினேழு. சிலவற்றின் நிறம்கூட இன்னும் மங்கவில்லை. மறைவைச் சுற்றி நாணல் மிதிபட்டுச் சேறாகக் கிடந்தது. பத்து நாள் ஓய்வில் இருந்த இடத்தின் லட்சணமா இது? முந்தின நாள்கூட அங்கே சுட்டிருக்கிறார்கள்.

பருவக் கடைசியில் இது சின்ன விஷயம் இல்லை. அதுவரை தப்பிப் பிழைத்த வாத்துகள் மாதக்கணக்கில் பொம்மைகளைப் பார்த்தும், வாத்துபோல் குரல் எழுப்பும் ஊதல்களைக் கேட்டும் பழகியவை. மல்லார்டு வாத்துக் கூட்டம் ஒன்று மிக உயரத்தில் வந்து, ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, இறக்கையை மடக்காமலே விலகிப் போனது. ஊசிவால் வாத்துகள் பக்கத்திலேயே வரவில்லை. எங்கள் பொம்மைகளில் பாதி ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) பட்டுத் துளை விழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மீதி நெருக்கியடித்து, மழையில் பளபளத்துக்கொண்டு நின்றன. அடிக்கடி சுட்ட இடத்தில் பொம்மையைக் குறைத்து, இடைவெளி விட்டு, காற்றுக்கு எதிராக இறங்கத் திறந்த நீர் விட்டுவைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்த பாடம்.

அதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். வேடர்ஸை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விலகிப்போன ஒரு பொம்மையை இழுத்து வைக்க இறங்கினேன். இடுப்பளவு நீர். இடது தொடைக்கு உள்பக்கம் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. தண்ணீரின் குளிர் நான்கு அல்லது ஐந்து டிகிரி இருக்கலாம். அதே குளிரில் இருக்கும் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடல் சூட்டை எடுத்துவிடும். குளிர்நீரைப் பற்றிப் பயிற்சியில் சொல்லும் 1-10-1 கணக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது: விழுந்தவனுக்கு மூச்சை அடக்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம். நான் முழுதாக விழவில்லை, ஒரு கால்தான் நனைந்தது. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் பல் தட்ட ஆரம்பித்தது. துப்பாக்கியின் பாதுகாப்புப் பொத்தானை விரல் உணரவில்லை. அந்த நிமிடமே இரண்டு துப்பாக்கியிலும் தோட்டாவை எடுக்கச் சொல்லிவிட்டேன். விரல் மரத்துப்போனவன் கையில் தோட்டா ஏற்றிய துப்பாக்கி இருக்கக் கூடாது.

கைடை அழைக்க சிக்னல் இல்லை. நடந்து கரையேற நடுவில் ஆழம் தெரியாத ஓடை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மச்சான் தன் மேல்சட்டையை என் காலில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கைடு வந்தபோது முதல் கேள்வி, "எத்தனை விழுந்தது?"

கரையில் உடையைக் கழற்றி உள்பக்கம் புரட்டிப் பார்த்தோம். தொடைத் தையல் நெடுக மஞ்சளாக இறுகிய பழைய பசை. அதன்மேல் கறுப்பு ஒட்டுப்பட்டை, ஒரு முனை பிரிந்திருந்தது. படம் எடுத்து வைத்தேன். எடுத்தது எவ்வளவு நல்லதாயிற்று! மூன்றாம் நாள் அவரிடமிருந்து வந்த செய்தி, வேடர்ஸை நான்தான் கிழித்துவிட்டேனாம், வைப்புத்தொகையில் பிடித்துக்கொண்டாராம். படத்தை அனுப்பினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

தோட்டாவையும் சொல்ல வேண்டும். அவர் தந்த பெட்டியில் சிலவற்றின் அடிப்பாகம் பழுப்பேறியிருந்தது, மடித்த வாயிலும் துருக்கறை. எஃகு ரவைத் தோட்டாவுக்குள் ஈரம் போனால் ரவைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பரவ வேண்டியது கட்டியாகப் போகும், குழலின் வாயும் கெடும். நல்லவேளை, நாங்கள் சுடவே இல்லை. யார் பெட்டி கொடுத்தாலும் உள்ளே இருப்பது ஈயமா என்றும் பாருங்கள். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை அமெரிக்கா முழுவதும் 1991 முதல் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரி முதல் தடை. மாட்டிக்கொண்டால் பதில் சொல்லப் போவது துப்பாக்கி பிடித்தவர்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சேற்றில் கிடக்கும் ஈயத்தை வாத்துகள் இரையை அரைக்க விழுங்கும் சிறு கல்லென்று நினைத்து விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அந்தப் பறவைகளை நம்பித்தானே நாம் போகிறோம்?

என் கால் சமாசாரம்: இரண்டு விரல்களில் உணர்ச்சி திரும்ப மூன்று வாரம் ஆனது. உறையாத குளிரிலும் ஈரத்திலேயே மணிக்கணக்கில் இருந்தால் நரம்பு பாதிக்கும் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து அழுத்தித் தேய்த்ததும் வெந்நீரில் வைத்ததும் தவறாம். ஈரத்தைக் கழற்றித் துடைத்து, உலர்ந்த துணி சுற்றி, மெல்ல மெல்லச் சூடேற விட்டிருக்க வேண்டும்.

வாடகை உடையை வாங்கியதும் மேல்வாயை இறுகச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, தலையணைபோல் அழுத்திப் பாருங்கள். தையலில் சோப்பு நீர் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். இரண்டு நிமிட வேலை. இருட்டு, அவசரம், கைடு முறைக்கிறார் என்று நான் விட்டுவிட்டேன். இடுப்புப் பட்டை இல்லாமல் தந்தால் வாங்கவே வாங்காதீர்கள், எனக்குப் பட்டையும் தரவில்லை. கைடு எத்தனை குழுவுக்கு ஒருவர், கடைசியாக அந்த நீரில் சுட்டது எந்தத் தேதி, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

அந்த உடை இப்போதும் யாருக்காவது வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கும். கறுப்பு நியோப்ரீன் (ரப்பர் போன்ற தடித்த துணி), இடது தொடை உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் பசை. கையில் வந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள்.