பூட்டு பழகறவனுக்கு எதுக்கு சாவி? தவளக்குப்பத்துல இருந்து ஏழு வருஷ அனுபவம்

பொங்கலுக்கு வந்த தங்கச்சி வீட்டுக்காரர் என் ட்ராயர திறந்து பாத்துட்டு, "சாவி இல்லாம பூட்ட திறக்கறதுதான உங்க ஹாபி, அப்பறம் எதுக்கு மச்சான் 300 சாவி?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி, இந்த ஹாபிக்கு புதுசா வர்றவங்க எல்லாருமே கேக்கறதுதான். அவருக்கு சொன்னதையே இங்கயும் சொல்றேன். பிக், அதாவது சாவிக்கு பதிலா உள்ள விடற மெல்லிசு கம்பி, அத வெச்சு ஒரு பூட்ட திறந்துட்டோம்னா அது திறந்துடுச்சுன்னு மட்டும்தான் தெரியும், உள்ள சாவி தூக்கி விடற குட்டி குச்சிங்க, அதான் பின், அதுல எது எவ்ளோ ஒசரத்துல நின்னுச்சு, நம்ம விரல் உணர்ந்தது சரியா தப்பான்னு தெரியாது. சாவியில இருக்கற வெட்டுதான் விடைத்தாள். மூணாவது பின் ரொம்ப ஒசரம்னு கை சொல்லுது, சாவிய எடுத்து பாத்தா மூணாவது வெட்டு மேலயே நிக்குது, அப்பதான் கை தேறுது. நான் முதல் வருஷம் சாவி இல்லாத பூட்டா வாங்கி தள்ளிட்டேன், பத்து பதினஞ்சு பூட்டு திறந்தேன், ஆனா ஒண்ணும் கத்துக்கல.

சரி, எங்க கிடைக்கும்? எல்லாரும் மொதல்ல போறது பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்தான், நானும் அங்கதான் போனேன். பழைய இரும்பு சாமான் பரப்பி வெச்சிருக்கற எடத்துல சாவி குவியலா கெடக்கும், பீரோ சாவி, சைக்கிள் சாவி, பழைய ஸ்கூட்டர் சாவி, பொட்டி சாவின்னு. பாக்கவே ஆசையா இருக்கும், ஒரு தடவ 60 சாவி அள்ளிட்டு வந்தேன். அது தப்பு. பூட்டு இல்லாத சாவியால பழகறதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, அழகுக்கு வெச்சிக்கலாம் அவ்ளோதான். அதுக்கப்பறம் ஒரே ஒரு கணக்குதான் வெச்சிருக்கேன், சாவி சொருகினபடியே இருக்கற பூட்டு கிடைச்சா மட்டும் வாங்கறது. நம்ம ஊர்ல இன்னொரு விஷயம் பாக்கணும், கடல் காத்து. இரும்பு பூட்டு உள்ளுக்குள்ள உப்பு பூத்து லிவர், அதாவது சாவி தூக்கி விடற தட்டுங்க, எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கும். 2011 டிசம்பர் 30ல தானே புயல் அடிச்சப்ப தண்ணில ஊறின பூட்டுன்னு சொல்லி ஒருத்தர் ரெண்டு குடுத்தாரு, மண்ணெண்ணெயில ரெண்டு நாள் ஊற வெச்சு, பழைய பல்லு பிரஷ்ல தேச்சு, காய விட்டு பென்சில் கரித்தூள் போட்டேன், ஒண்ணு பொழச்சுது. தேங்கா எண்ணெய் மட்டும் விடாதீங்க, தூசி சேந்து பிசுபிசுன்னு ஆகி பின் எல்லாம் மாட்டிக்கும்.

உண்மையில எனக்கு கதவு திறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல குடை போட்டு ஒக்காந்திருக்கற சாவி ரிப்பேர் அண்ணன்தான். பஸ்ல அர மணி நேரம். மொதல்ல போய் "அண்ணே, வெட்டாத பிளாங்க் சாவி கிடைக்குமா"ன்னு கேட்டதும் மேலயும் கீழயும் பாத்துட்டு "இல்லப்பா"ன்னுட்டாரு. அவர் மேல தப்பு இல்ல, முகம் தெரியாத ஆளு வந்து பிளாங்க் கேட்டா யாரு குடுப்பா. போட்டோ பாத்து சாவி போட மாட்டாரு, சோப்புல அச்சு எடுத்துட்டு வந்தா தொரத்தி விட்டுடுவாரு, பீரோன்னா வீட்டுக்கே வருவாரு, வீட்டுக்காரங்க நேர்ல நிக்கணும். நான் ஒவ்வொரு தடவயும் என் பூட்ட கையோட எடுத்துட்டு போய், அவர் முன்னாடியே திறந்து காட்டி, என்னோடது மட்டும்தான் தொடுவேன், கதவுல மாட்டி பொழக்கத்துல இருக்கற பூட்டுல கை வைக்கறதில்லன்னு சொல்லி, ரெண்டு டீ மூணு டீன்னு ஆறு மாசம் போச்சு. ஒரு நாள் அவரே கூப்ட்டு டப்பாவ திறந்து "எது வேணுமோ எடுத்துக்க தம்பி"ன்னாரு. அந்த டப்பாவுக்கு சமமா எந்த ஆன்லைன் கடையும் இல்ல.

அவர்கிட்ட கத்துக்கிட்டது நெறய. பித்தளை பிளாங்க் அரத்துக்கு மெதுவா இசையும், கை தவறினா கூட தெரியும். இரும்பு பிளாங்க் மெஷின் பல்ல மொக்க பண்ணிடும். வெள்ளையா பளபளன்னு விலை கம்மியா வர்ற வார்ப்பு சாவி அடியில துத்தநாகக் கலவை, முறுக்குனா ஒடஞ்சிடும், இது எனக்கு அனுபவம், அம்மா பீரோவுக்கு அந்த மாதிரி ஒண்ணு போட்டு குடுத்து உள்ளயே முறிஞ்சு, ரேஷன் கார்டு ரெண்டு நாள் உள்ள மாட்டிக்கிச்சு. அப்பறம் டூப்ளிகேட்ட வெச்சு டூப்ளிகேட் போடக்கூடாது. ஒவ்வொரு தடவயும் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு வரும். ஷ்லேஜ் மாதிரி அமெரிக்க பூட்டுல ஒரு வெட்டு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் வித்தியாசமே 0.015 இன்ச், 0.38 மில்லிமீட்டர்தான், அதுல பாதி போச்சுன்னா பூட்டு அடம் பிடிக்கும். இவ்ளோ சின்ன வித்தியாசத்த அளக்கற கருவி, வெர்னியர், ஒண்ணு வாங்கிக்கங்க, இந்த ஹாபிக்கு பிக் செட்ட விட அதுதான் எனக்கு அதிகமா ஒழச்சிருக்கு.

கம்ப்யூட்டர் சாவின்னு நம்மாளுங்க சொல்ற குழி குழியா இருக்கற சாவி, அதாவது டிம்பிள் சாவி, அது வேற கத. வெட்டறதுக்கு தனி மெஷின் வேணும், சிலதுக்கு பூட்டோட வந்த கார்டு காட்டினாதான் கம்பெனியே போட்டு குடுக்கும், அத நான் குறையா சொல்ல மாட்டேன், அப்படித்தான் இருக்கணும். இதுல ஒரு அருமையான வகை எதிர்பாக்காம கிடைச்சுது. புதுசா கட்டற வீட்டுக்கு வர்ற சில பூட்டுல வீட்டுக்காரர் சாவிங்க சீல் போட்ட பாக்கெட்ல இருக்கும், தச்சருக்கும் பெயிண்டருக்கும் தனியா ஒரு சாவி. வேல முடிஞ்சு ஓனர் பாக்கெட்ட பிரிச்சு தன் சாவிய ஒரு தடவ போட்டு சுத்துனதும் அந்த தச்சர் சாவி அதோட செல்லாது. இதுல ஒரு முறை, பின் நடுவுல ஒரு குட்டி குண்டு இருக்கும், அது ஓனர் சாவி சுத்தும்போது பக்கத்து குழியில போய் விழுந்துடும், பின்னோட மொத்த நீளமே மாறிடும். ஈசிஆர் பக்கம் வேல பாக்கற மேஸ்திரி ஒருத்தர் எனக்கு பழக்கம், செத்துப்போன சாவி நாலு அஞ்சு குடுத்தாரு, அதே மாடல் பூட்ட நான் கடையில புதுசா வாங்கி, ரெண்டு சாவிக்கும் எந்த குழியில வித்தியாசம்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தப்ப கெடச்ச சந்தோஷம் இருக்கே, அந்த ராத்திரி நான் தூங்கல.

ஆன்லைன்ல பைப் மாதிரி இருக்கற ஏழு பின் சாவிக்கு பிளாங்க் ஆர்டர் பண்ணேன், போட்டிருந்த அளவு ஒண்ணு வந்தது ஒண்ணு, திருப்பி எடுத்துக்கல. அவ்ளோதான் அதப்பத்தி. டிஸ்க் பூட்டு மட்டும் ஆன்லைன்ல வாங்கினது உருப்படி. பின்லாந்துல எமில் ஹென்ரிக்ஸன்ங்கறவர் 1907ல கண்டுபிடிச்ச முறை, பின்னாடி அப்லாய்னு பேரு வந்துச்சு. சாவி பாதி வட்டமா இருக்கும், உள்ள தட்டு தட்டா சுத்தும், ஸ்ப்ரிங்கே கெடையாது, அதனால துரு பிடிச்சு நிக்கற வேல கம்மி. மொட்ட மாடி கேட்டுக்கு ஒண்ணு மாட்டி நாலு மழைக்காலம் ஆச்சு, இன்னும் வழுக்கிட்டு சுத்துது.

திண்டுக்கல்லுக்கு விழுப்புரம் போய் ரயில் ஏறி ஒரு தடவ போனேன். 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச பூட்டு. மாங்கா பூட்டு ரெண்டு வாங்கினேன், கையால லிவர் வெட்டி அதுக்கு தக்கன சாவிய ராவி எடுக்கறாங்க, அதனால ஒரே மாதிரி ரெண்டு பூட்டு வாங்கினாலும் வெட்டு வேற வேற. எனக்கு செஞ்சு குடுத்த பெரியவர் மூணாவதா ஒரு சாவி கேட்டப்ப சாவிய வெச்சு சாவி போடல, பூட்ட பிரிச்சு லிவர பாத்து போட்டாரு. அந்த ஒண்ண பாத்ததுக்கே போன காசு தகும்.

கடைசியா, பாண்டியில இருக்கறதால மட்டும் எனக்கு கிடைச்சது. பக்கத்து தெரு தாத்தா சொல்தா குடும்பம், அவங்க அப்பா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு, பசங்க எல்லாம் பாரிஸ்ல. வருஷா வருஷம் லீவுக்கு வர்றவங்க அங்க வீடு மாத்தி கழட்டி போட்ட பூட்ட சாவியோட கொண்டாந்து குடுப்பாங்க. அதுல ஒண்ணு பாம்ப் சாவி, பிரெஞ்சுல பாம்ப்னா பம்பு. பாக்க பல்லே இல்லாத தண்டு, நுனியில மட்டும் கீத்து கீத்தா வெட்டு, ஒவ்வொண்ணும் ஒரு ஆழம். ஸ்ப்ரிங்குக்கு எதிரா அமுக்கிட்டுதான் சுத்தணும். இதோட மூதாதை இங்கிலாந்துல ஜோசப் பிராமா 1784ல காப்புரிமை வாங்கின பூட்டு. திறக்கறவனுக்கு 200 கினி, அந்த காலத்து இங்கிலாந்து தங்கக் காசு, தர்றேன்னு லண்டன்ல கடை ஜன்னல்லயே வெச்சிருந்தாங்க, 1851ல ஹாப்ஸ்ங்கற அமெரிக்கர் வந்து 16 நாள்ல விட்டு விட்டு மொத்தம் 51 மணி நேரம் ஒக்காந்து திறந்தாரு. என்கிட்ட இருக்கறது அதோட எளிய பேரப்புள்ள, எனக்கு மூணு வாரம் ஆச்சு.

அத திறந்து காட்டின அன்னிக்கு தாத்தா உள்ள போய் ஒரு மரப்பொட்டி எடுத்தாந்தாரு. அவங்க அப்பாவோடது, அதே மாதிரி பூட்டு, சாவி எப்பவோ தொலஞ்சு போச்சு. "உடைக்காம திற தம்பி, அப்படியே எனக்கு ஒரு சாவியும் போட்டு குடு"ன்னாரு. இத்தன வருஷம் சாவிய பாத்து கைய திருத்தினேன், இதுல கை சொல்றத வெச்சு சாவி செய்யணும். கார்த்திகையில திறந்துட்டேன், உள்ள இருந்த காகிதம் எல்லாம் தாத்தா எடுத்துக்கிட்டாரு. ஆறு கீத்தோட ஆழத்த நோட்டுல குறிச்சு, சாவி ரிப்பேர் அண்ணன் பித்தளை தண்டுல ரெண்டு தடவ வெட்டி பாத்துட்டாரு, ரெண்டாவது அமுங்குது, ஆனா சுத்தல. நாலாவது கீத்து ஒரு மயிரிழ ஆழம் பத்தலன்னு எனக்கு படுது, அண்ணன் அஞ்சாவதுங்கறாரு. வர்ற ஞாயித்துக்கிழம பொட்டியோடவே பஸ் ஏறி போறேன்.