நீரால் குளிரும் ஸ்பிண்டில்: சுங்கை சிப்புட் பட்டறையில் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் பட்டறையில் ரப்பர் மரப் பலகை, அக்ரிலிக், மெல்லிய அலுமினியத் தகடு ஆகியவற்றை கணினிக் கட்டளைப்படி வெட்டும் சிஎன்சி இயந்திரத்தில், 80 மி.மீ. விட்டமும் 2.2 கிலோவாட் திறனும் கொண்ட நீர்க்குளிர்ப்பு ஸ்பிண்டிலை, அதாவது வெட்டுங்கருவியைச் சுழற்றும் மோட்டாரை, பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கோயில்களுக்கான மரச்செதுக்கல், கடைகளுக்கான பெயர்ப்பலகை, தமிழ்ப்பள்ளிகளுக்கான சுவர் எழுத்து என எங்களுக்கு வரும் வேலைகளில் பெரும்பாலானவை மணிக்கணக்கில் நிற்காமல் ஓடுபவை. காற்றால் குளிரும் ஸ்பிண்டிலில் பெரும்பாலும் விசிறி அதே தண்டில் பொருத்தப்பட்டிருப்பதால், வேகத்தைக் குறைத்தால் காற்றும் குறைந்துவிடும். நீர்க்குளிர்ப்பில் பம்பு தனியே ஓடுவதால், அலுமினியத்துக்காக வேகத்தை நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு இறக்கினாலும் குளிர்ச்சி குறைவதில்லை. இரைச்சலும் வெகுவாகக் குறைவு. பக்கத்துச் சுவரில் குடும்பங்கள் குடியிருக்கும் கடைவரிசையில் இது சிறிய நன்மையன்று.

இந்த அமைப்பைப் பற்றிக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பல, குளிர்நாட்டுப் பட்டறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நீர் உறைந்துவிடாமல் காப்பது, இயன்ற அளவு குளிர்ந்த நீரைச் செலுத்துவது ஆகிய இரண்டையுமே அவை முதன்மையாகச் சொல்கின்றன. பேராக்கின் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் நம்மைத் தொல்லைப்படுத்துபவை வேறு: ஸ்பிண்டிலின் மேல் வியர்க்கும் நீர், தொட்டியில் வளரும் பாசி, ரேடியேட்டரை அடைக்கும் மரத்தூள். நீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு தடையின்றி ஓடுகிறது என்பதே இங்கே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஸ்பிண்டிலிலிருந்து 300 வாட் வெப்பமாக வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடும் நீர் அதைச் சுமந்து வெளியே வரும்போது ஏறத்தாழ 2 டிகிரிதான் கூடியிருக்கும். ஓட்டம் அரை லிட்டராகச் சுருங்கினால் அதே வெப்பத்துக்கு 8 டிகிரிக்கு மேல் கூடும். பம்பின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் ஓட்ட அளவு, நீரை உயரத்துக்கு ஏற்றாமல் அளந்தது. மேசைக்குக் கீழிருந்து ஸ்பிண்டிலின் தலைவரை ஏற்றி, சில மீட்டர் மெல்லிய குழாய் வழியாகத் தள்ளும்போது அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். திரும்பி வரும் குழாயை ஒரு லிட்டர் குவளையில் பிடித்து, நிரம்புவதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பதே நம்பத்தக்க அளவீடு. அரை நிமிடத்தில் நிரம்பினால் போதுமானது. அமைப்பு புதிதாக இருக்கும்போது கிடைத்த எண்ணைத் தொட்டியின் மேலேயே எழுதி வைத்தால், பிறகு எழும் ஐயங்கள் பலவற்றுக்கு அதுவே விடை தரும்.

தொட்டியைப் பொறுத்தவரை, திறந்த வாளி நம் நாட்டுக்கு ஏற்றதன்று. ஒளி படும் நீரில் பாசி பிடிக்கும். அதைவிடப் பெரிய கவலை ஏடிஸ் கொசு. தேங்கிய நீரில் அதன் புழு வளர இடங்கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி குற்றமாகும். மூடியுள்ள, ஒளி புகாத நீலக் கலனில் குழாய்களுக்கு மட்டும் துளையிட்டு, இடைவெளியை ரப்பர் வளையத்தால் அடைத்துவிட்டால் இரண்டு தொல்லைகளும் ஒருங்கே தீரும். குழாயும் ஒளி ஊடுருவாத கறுப்பு அல்லது நீல நிறத்தில் இருப்பது நல்லது.

குழாய் நீரை நான் பயன்படுத்துவதில்லை. அதிலுள்ள உப்புகளும் குளோரினும் அலுமினியம், பித்தளை, எஃகு மூன்றும் ஒரே நீரில் தொடும் இந்த அமைப்பில் அரிப்பை விரைவுபடுத்தும். இரும்புக்கடையில் கிடைக்கும், உப்பு நீக்கிய பேட்டரி தண்ணீரோடு, அலுமினியத்துக்கு ஏற்ற அரிப்புத் தடுப்பான் கலந்த கூலண்டைச் சேர்க்கிறேன். நம் ஊரில் நீர் உறையப் போவதில்லை என்பதால், கூலண்டில் உறைவைத் தடுக்கும் கிளைக்கால் தேவையே இல்லை என்று சிலர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அதோடு வரும் அரிப்புத் தடுப்பான் நமக்குத் தேவை. கூலண்டை மிகக் கொஞ்சமாக ஊற்றினால் கிளைக்கால் நுண்ணுயிர்களுக்கு உணவாகிவிடும் என்பதால், கலவை விகிதம் குப்பியில் குறிப்பிட்டதற்குக் கீழே இறங்கக்கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாய், பூனை நடமாடும் பட்டறையில் சிந்தியதை உடனே கழுவிவிட வேண்டும். ஏர்கோன் சொட்டும் நீரைச் சேமித்து ஊற்றுவோரும் உண்டு. அதில் உப்பு இல்லாவிட்டாலும் தூசியும் பூஞ்சையும் கூடவே வருவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்குவோர் அதிகம் தடுமாறுவது சில்லரை, அதாவது நீரைக் குளிர்விக்கும் பெட்டியை, தேர்ந்தெடுப்பதில்தான். சிடபிள்யூ-3000 என்ற வகையில் கம்ப்ரசர் கிடையாது. தொட்டி, பம்பு, ரேடியேட்டர், விசிறி ஆகியவை மட்டுமே. நீர் காற்றைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலாக இருக்கும்போதும் 50 வாட் வெளியேற்றும் என்பது அதன் அளவு. நாம் வைத்துக்கொண்ட 300 வாட்டுக்கு நீர் அறையைவிட 6 டிகிரி மேலே நின்றுவிடும். தகரக் கூரைக்குக் கீழே பிற்பகல் 33 டிகிரி என்றால் நீர் 39 டிகிரி. ஸ்பிண்டிலுக்கு இதில் ஆபத்தில்லை. இதற்கு மாறாக, 20 லிட்டர் நீர் மட்டும் உள்ள தொட்டியில் அதே வெப்பம் இறங்கினால், அது வெளியே சிறிதும் போகாத நிலையில், நீரின் வெப்பநிலை மணிக்கு ஏறத்தாழ 13 டிகிரி ஏறும். குறுகிய வேலைக்கு வெறும் தொட்டி போதும், நீண்ட வேலைக்குப் போதாது என்பதன் காரணம் இதுவே.

சிடபிள்யூ-5000, 5200 போன்றவற்றில் கம்ப்ரசர் உண்டு என்பதால் அவை அறையைவிட நீரைக் குளிர வைக்க வல்லவை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. காற்று 30 டிகிரியாகவும் ஈரப்பதம் 80 விழுக்காடாகவும் இருக்கும்போது, பனிநிலை, அதாவது நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 டிகிரி. இருபது டிகிரி நீரைச் செலுத்தினால் ஐஸ் தண்ணீர்க் குவளையைப் போல ஸ்பிண்டில் வியர்க்கும். வெளியே வழிவதைத் துடைத்துவிடலாம். உள்ளே சுருள்களின்மேலும் பேரிங்கின்மேலும் படிவதை யாரும் துடைக்க முடியாது. எங்கள் ஊரில் மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் சுற்றும் அண்ணன் ஒருவர், வேறொரு பட்டறையிலிருந்து வந்த ஸ்பிண்டிலைப் பிரித்துத் துருவேறிய பேரிங்கை என் கையில் கொடுத்து, “தம்பி, தண்ணி இதுக்குள்ள வெளியேயிருந்து வரல, காத்துலேருந்து வந்துச்சு” என்றார். அந்தப் பட்டறையில் சில்லரை 18 டிகிரியில் வைத்திருந்தார்கள்.

ஆகவே கம்ப்ரசர் சில்லர் வைத்திருப்போர் நிலையான வெப்பநிலை முறையைத் தேர்ந்து 28 முதல் 30 டிகிரிக்குள் அமைப்பது பாதுகாப்பானது. அறையைவிடச் சற்றுக் குறைவாகத் தானே மாற்றிக்கொள்ளும் முறை பெரும்பாலான நேரங்களில் சரியாகவே இயங்கும். ஆனால் மாலை மழையில் அறை 26 டிகிரிக்கு இறங்கி ஈரப்பதம் 95 விழுக்காட்டைத் தொடும்போது, பனிநிலை 25 டிகிரியாகிவிடுவதால் இடைவெளி அற்றுப்போகும். ஸ்பிண்டில் நின்ற பிறகு சில நிமிடங்கள் ஓடவிட்டுச் சில்லரையும் நிறுத்திவிட வேண்டும். வெப்பம் தராத ஸ்பிண்டிலில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருப்பதே வியர்வைக்கு ஏற்ற சூழல். மலேசியாவில் சிறு பட்டறைக்குக் கம்ப்ரசர் இல்லாத மலிவான வகையே, அறைக்குக் கீழே நீரைக் கொண்டுபோக இயலாது என்ற அதே காரணத்தால், பாதுகாப்பான தேர்வு என்று கருதுகிறேன்.

கோளாறு வரும்போது மூன்று வெப்பநிலைகளை ஒப்பிட்டால் பெரும்பாலும் இடம் தெரிந்துவிடும்: உள்ளே போகும் நீர், வெளியே வரும் நீர், ஸ்பிண்டிலின் மூக்குப் பகுதி, அதாவது வெட்டுங்கருவி பொருந்தும் முனை. உள்நீருக்கும் வெளிநீருக்கும் இடையே வேறுபாடு பெரிதானால் ஓட்டம் குறைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் குறை ரேடியேட்டரிலோ தொட்டியிலோ உள்ளது. நீர் இரண்டும் இயல்பாக இருந்து மூக்கு மட்டும் சுட்டால், அது குளிர்ப்பின் குறையன்று. முன்பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

ஓட்டக் குறைவுக்கு எங்கள் பட்டறையில் அதிகம் கண்ட காரணம், கம்பிகளையும் குழாய்களையும் தாங்கி இயந்திரத்தோடு நகரும் கேபிள் செயினுக்குள் மடங்கும் குழாய். இயந்திரம் மேசையின் ஒரு கோடிக்குப் போகும்போது மட்டும் ஓட்டச் சென்சரின் எச்சரிக்கை வந்து, திரும்பியதும் மறைந்தால், பம்பைக் கழற்றும் முன் செயினைத் திறந்து பார்க்கலாம். மென்மையான சிலிகோன் குழாய் எளிதில் மடங்குகிறது. காற்றழுத்தக் கருவிகளுக்கான 8 மி.மீ. பாலியூரித்தேன் குழாய் வளைவைத் தாங்குகிறது. அதன் முனையைச் சரிவின்றி நேராக வெட்டாவிட்டால் அழுத்திச் செருகும் இணைப்பில் துளித்துளியாகக் கசியும். நீரை மாற்றிய பின் சிக்கும் காற்றுக்குமிழ் மற்றொரு காரணம். ஸ்பிண்டிலைத் தொடங்கும் முன் பம்பை மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாயில் குமிழ் வருவது நின்றதை உறுதிசெய்ய வேண்டும். திரும்பும் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால் பம்பு நின்றாலும் காற்று உள்ளே ஏறாது.

ஓட்டச் சென்சரை நான் அலங்காரமாகக் கருதுவதில்லை. பம்பு நின்றுபோனதை மனிதக் கண் கவனிப்பதற்குள் ஸ்பிண்டில் கெட்டுவிடக்கூடும் என்பதால், அதன் சமிக்ஞை விஎஃப்டியை, அதாவது ஸ்பிண்டிலுக்கு மின்சாரம் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை, நிறுத்தும்படி இணைத்திருக்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் ஒய்எஃப்-எஸ்201 என்ற சென்சர் நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் வரைக்கானது. நம் ஓட்டம் அதன் அடிமட்டத்தில் இருப்பதால், 0.3 முதல் 6 லிட்டர் வரை அளக்கும் எஸ்401 பொருத்தமாக இருக்கிறது. நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொய்யான எச்சரிக்கை வந்தால் விஎஃப்டியின் மின்னிரைச்சலைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்பிண்டில் கம்பிக்கு உலோக உறையுள்ள கேபிளையே பயன்படுத்தி, சென்சர் கம்பியை அதிலிருந்து விலக்கி இழுத்த பிறகு எங்களிடம் அது நின்றுவிட்டது.

நீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடத்தில் எர்த் இணைப்பைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். மலிவான ஸ்பிண்டில்கள் பலவற்றில் இணைப்பியின் நான்காம் ஊசி, எர்த்துக்கானது, உள்ளே உடலோடு இணைக்கப்படாமலே வருகிறது. மல்டிமீட்டரால் ஊசிக்கும் உடலுக்கும் இடையே தொடர்பு உள்ளதா என்று பார்த்து, இல்லையெனில் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு இணைத்த பிறகே நீரைத் திறக்கலாம். விஎஃப்டியில் அடிப்படை அதிர்வெண் 400 ஹெர்ட்சுக்குப் பதிலாக 50 ஹெர்ட்சில் இருந்தால், மிகை மின்னோட்டம் பாய்வதால் எந்தக் குளிர்ப்பும் சுருள்களைக் காப்பாற்றாது.

ரப்பர் மரத்தின் நுண்தூள் ரேடியேட்டரின் இதழ்களில் படிந்து கெட்டியாகிவிடுகிறது. சில்லரைச் சுவருக்கு அப்பால் நிழலான இடத்துக்கு மாற்றியபின் நீரின் வெப்பநிலை பிற்பகலிலும் நிலையாக நிற்கிறது. அங்கும் வலையை மாதந்தோறும் கழற்றி, காற்றடித்துச் சுத்தம் செய்கிறோம். நீருக்குள் வளரும் வழவழப்பான படலம் முதலில் தென்படுவது சென்சரின் சிறிய சக்கரத்தில்தான். அது தெரிந்ததும் நீரை வடித்து, வெதுவெதுப்பான நீரை எதிர்த்திசையில் செலுத்தி அலசுகிறோம்.

நாளுக்கு அரைமணி மட்டும் மரம் வெட்டுவோருக்கு இவ்வளவு பராமரிப்பு தேவையில்லை. அவர்கள் காற்றுக்குளிர்ப்பு வகையையே வாங்கலாம். ஒரே வேலை மூன்று, நான்கு மணி நேரம் ஓடும் பட்டறைக்கு, மூடிய கலன், பாலியூரித்தேன் குழாய், கம்ப்ரசர் இல்லாத சில்லர், விஎஃப்டியோடு இணைத்த சென்சர் ஆகியவற்றுடன் நீர்க்குளிர்ப்பு ஸ்பிண்டிலைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். இணைப்புகளின் ரப்பர் வளையங்களை மட்டும் கசிவுக்குக் காத்திராமல் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.