ஏ.டி.வி. பின் ஆக்சில் பேரிங்: சீல் போட்டதா, கிரீஸ் நிப்பிளா?

முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் இறால் குட்டைகளுக்குத் தீவன மூட்டை ஏற்றிப் போக ஒரு பழைய ஏ.டி.வி. (கரடுமுரடான இடத்திலும் ஓடும் சின்ன நான்கு சக்கர வண்டி) வைத்திருக்கிறோம். டிராக்டர் ஏற முடியாத ஒடுங்கலான கரையில்கூட அது போய்விடும். ஆனால் இரண்டு வருஷத்தில் மூன்று முறை பின் ஆக்சில் பேரிங் போய்விட்டது. மூன்றாவது தடவை கழற்றியபோது ஹவுசிங்குக்குள் இருந்து பால் ஊற்றிய டீ மாதிரி ஒரு குழம்பு வழிந்தது. கிரீஸோடு தண்ணீர் கலந்தால் வரும் நிறம் அது. குண்டு ஓடுகிற பாதையில் மிளகைத் தூவியது போல் துருப்புள்ளி. விரலில் மாட்டிச் சுற்றினால் கரகரவென்றது. அப்போதுதான் இதை முறையாக யோசிக்க உட்கார்ந்தேன்.

எங்கள் வண்டியில் பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே தண்டு, அதுதான் ஆக்சில். குழாய் மாதிரியான ஹவுசிங் அதைத் தாங்குகிறது. அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பேரிங், நடுவே அவற்றை விலக்கி நிறுத்தும் ஸ்பேசர், வெளியே தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல். பேரிங் இரண்டுக்கும் இடையில் வெறும் காற்று. வம்பு தொடங்குவது அங்கேதான். ஓடிச் சூடான ஹவுசிங் சட்டென்று வாய்க்காலில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த இழுப்பில் சீலின் உதட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். வந்த தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. பிரஷர் வாஷ் வைத்துச் சீல் மேலேயே நேராக அடித்தாலும் இதே கதிதான்.

சரி, முதல் வழி: சீல் போட்ட பேரிங்கையே வாங்கி மாட்டுவது. பேரிங் எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். எங்கள் வண்டிக்கு 6206. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம், அதாவது 30 மில்லிமீட்டர். வெளி விட்டம் 62, அகலம் 16. தண்ணீர் மோட்டார்களிலும் ஓடுகிற அளவு என்பதால் திருத்துறைப்பூண்டியில் தேடி அலைய வேண்டியதில்லை. தேவையான கிரீஸ் உள்ளேயே இருக்கும், பராமரிப்பு என்று எதுவும் இல்லை. மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் தோப்பிலும் வரப்பிலும் ஓட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நல்ல தண்ணீர், எப்போதாவது சேறு, அவ்வளவுதானே. இதில் செலவு பேரிங் விலை இல்லை, வேலை. சக்கரம், ஹப், பிரேக் டிஸ்க், ஸ்ப்ராக்கெட் எல்லாம் கழன்ற பிறகுதான் தண்டு வெளியே வரும். ஒரு நாள் போய்விடும். அதுவும் ஐப்பசி மழையில், கரையெல்லாம் வழுக்கும்போது பேரிங் போனால் தீவனத்தைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது வழி, ஹவுசிங்கின் நடுவில் துளை போட்டு கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் கன்னை மாட்டி கிரீஸ் அடிக்கிற சின்ன முனை வைப்பது. நிப்பிள் விலை டீ, வடைக் காசுதான். ஆனால் பலர் தவறுவதும் இதில்தான். ஹவுசிங்கைக் கையில் வாங்கிய லேத் பட்டறைக்காரர் முதலில் கேட்டதே இதைத்தான்: "அண்ணே, பேரிங்கோட உள்பக்க ரப்பரை எடுக்காம நிப்பிள் வச்சா கிரீஸ் குண்டுக்கு எப்படிப் போவும்?" நியாயமான கேள்வி. இரண்டு பேரிங்கிலும் ஒன்றையொன்று பார்க்கிற பக்கத்து ரப்பரை மட்டும் மெல்லிய ஊசியால் நெம்பி எடுத்துவிட வேண்டும். வெளிப்பக்க ரப்பர் அப்படியே இருக்கட்டும்.

துளை 5 மில்லி, அதில் 6 மில்லி மரை. பேரிங் உட்காரும் இடத்தை விட்டு, நடுவில்தான் போட வேண்டும். ஹவுசிங்கைத் திருப்பிச் செயினை இறுக்குகிற வகை வண்டியாக இருந்தால், முழுக்கத் திருப்பினாலும் நிப்பிள் எதிலும் இடிக்காத இடமா என்று முதலில் பாருங்கள். துளை போடும்போது தண்டும் பேரிங்கும் வெளியே இருக்க வேண்டும். அலுமினியச் சுருள் ஒன்று உள்ளே தங்கினாலும் புது பேரிங் பாழ். இதோடு, நிப்பிளுக்கு நேர் எதிரே இன்னொரு துளை போட்டு ஒரு சின்ன போல்ட்டால் அடைக்கச் சொன்னேன். இந்த வேலையில் எனக்குப் பெரிய நிம்மதி தந்தது அந்தத் துளைதான்.

ஏனென்றால் கிரீஸ் கன் கொடுக்கும் அழுத்தத்தை ஆயில் சீல் தாங்காது. அதிகக் கிரீஸ் பேரிங்கைச் சூடாக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். 22 அங்குல டயரில் மணிக்கு 20 கிலோமீட்டர் போனால் ஆக்சில் நிமிடத்துக்கு 190 சுற்றுதான் சுற்றும். இந்த வேகத்தில் சூடு பெரிய விஷயமில்லை. சீல் பிதுங்கினால்தான் ஆபத்து. பிரேக் டிஸ்க் அதே தண்டில், பக்கத்திலேயே இருக்கிறது. அதில் கிரீஸ் பட்டால் பின் பிரேக் பிடிக்காது. எதிர்த் துளையைத் திறந்து வைத்தால் அழுத்தம் ஏறாது, பழைய கிரீஸும் தண்ணீரும் அது வழியாக வந்துவிடும்.

கிரீஸ் விஷயத்தில் உப்புத் தண்ணீருக்கு கால்சியம் சல்ஃபோனேட் வகை நன்றாக நிற்கிறது. கையில் கிடைத்ததை எல்லாம் கலக்காதீர்கள். சேராத இரண்டு வகை கலந்தால் இளகி ஓடிவிடும். பழையதைத் துடைத்து எடுத்துவிட்டு ஒரே வகையில் தொடங்குங்கள்.

மூன்றாவதாக, துளையே போடாமல், உள் ரப்பரை எடுத்துவிட்டுக் கையாலேயே கிரீஸை நிறைய அடைத்து மூடிவிடலாம். காற்றுக்கு இடம் குறைவதால் தண்ணீர் உறிஞ்சுவதும் குறையும். ஹவுசிங் சுவர் மெல்லியதாக இருந்தால் எனக்கும் இதுதான் சம்மதம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க மட்டும் வழியில்லை.

உப்பங்கழி ஓரம் ஓட்டுகிறவர்களுக்கு, யோசிக்காமல் நிப்பிள் என்றுதான் சொல்வேன். மாதம் ஒரு தடவை எதிர் போல்ட்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஒருவர் மெதுவாகச் சுற்ற, நான் மெல்ல கிரீஸ் அடிக்கிறேன். முதலில் கொஞ்சம் அதிகமாகவே இழுக்கும், நடு வெற்றிடம் நிறைய வேண்டுமே. அதன் பிறகு நாலைந்து அடி போதும். துளையில் வரும் கிரீஸை விரலில் எடுத்துப் பார்ப்பேன். போட்ட நிறத்திலேயே வந்தால் போல்ட்டை மூடிவிடுவேன். டீ நிறம் கண்டால் புதுக் கிரீஸ் வரும்வரை அடித்துவிட்டு, அந்த வாரமே ஆயில் சீலை மாற்றிவிடுவேன்.