நட்ட நாலாம் நாள் துவண்ட செடிகளும் ரஸ்தா வழி நர்சரியும்

தை மாதம் ஊருக்கு வந்த என் மகள் இணையத்தில் ஆறு சதைப்பற்றுச் செடிகள் வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று எச்சிவேரியா, இரண்டு ஜேட், ஒரு ஹவோர்தியா. கறிவேப்பிலையும் மல்லிகையும் முப்பது வருஷமாக வளர்க்கிற கை. அதே பழக்கத்தில் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நட்டு, தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, வளவு முற்றத்தில் கல்தூண் ஓரமாக வைத்தேன். நாலாம் நாள் பார்த்தால், தாமரை மாதிரி விரிந்திருந்த எச்சிவேரியா தொட்டி விளிம்பில் சரிந்து கிடந்தது. வாடிவிட்டதே என்று இன்னொரு செம்பு ஊற்றினேன். மறுநாள் தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது.

செடி அனுப்பியவர்களிடம் கேட்டால், தினமும் லேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்லி ஒரு வரி பதில். மனசு கேட்கவில்லை. மீதி ஐந்தையும் கூடையில் வைத்துக்கொண்டு காரைக்குடியிலிருந்து தேவகோட்டை ரஸ்தா போகிற வழியில், பச்சை வலைக் கொட்டகை போட்டிருக்கும் நர்சரிக்குப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் அடுக்கிய மண்தொட்டிகள்தான் அடையாளம்.

அங்கே இருந்த தம்பி முதலில் ஒவ்வொரு இலையாக அழுத்திப் பார்த்தார். "ஆச்சி, இது சுருங்கி மெலிஞ்சிருக்கு, அவ்வளவுதான், பிழைச்சுக்கும். அதைப் பாருங்க, மஞ்சளாகிக் கண்ணாடி மாதிரி உள்ளே தண்ணி தெரியுது. வேர் அழுகியிருக்கு" என்றார். அப்புறம் மஞ்சளான அந்த எச்சிவேரியாவைத் தொட்டியிலிருந்து தட்டி எடுத்தார். மேலே செம்மண் காய்ந்திருந்தது. வேரைச் சுற்றி எலுமிச்சை அளவுக்குத் தேங்காய் நார்த்தூள் உருண்டை, பிழியாத துணி மாதிரி ஈரம். செடி வரும்போதே அதோடுதான் வந்திருக்கிறது, நான் அப்படியே புதைத்துவிட்டேன். குச்சியால் அதைக் கிளறி எடுத்தால், பழுப்பு வேர்கள் தோல் உரிவது போல் கழன்று வந்தன.

பிளேடைத் துடைத்துத் தண்டை நறுக்கினார். நடுவில் பழுப்பு வளையம். கொஞ்சம் மேலே இன்னொரு நறுக்கு, மறுபடியும் பழுப்பு. மூன்றாவது நறுக்கில்தான் வெளிர் பச்சையாகச் சுத்தமாக இருந்தது. "அஞ்சு நாள் நிழல்ல பேப்பர் மேல போட்டு வைங்க. வெட்டுவாய் பொருக்குத் தட்டினதும் நடுங்க. நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணி காட்டாதீங்க."

வாடுகிற செடிக்குத் தண்ணீர் தராமல் எப்படி இருப்பது என்று கேட்டேன். இடம் மாற்றும்போது மெல்லிய வேர்கள் அறுந்துபோகும், அந்தக் காயம் ஆறுவதற்குள் ஈரம் பட்டால் அழுகல் ஏறும், அதுவரை செடி தன் இலையில் சேர்த்த நீரைக் குடித்துச் சமாளிக்கும், அதனால்தான் துவளும் என்றார். "நிலைவாசல்ல கற்றாழையைத் தலைகீழாக் கட்டுறோமே ஆச்சி, அதுக்கு யாரு தண்ணி ஊத்துறா?" எங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று தொங்குகிறது. மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருந்து குருத்தும் விடுகிறது. அதன் கீழேதான் தினமும் கோலம் போடுகிறேன். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவர்களே கலந்து விற்கும் மண்கலவை 5 கிலோ 120 ரூபாய். பெருமணல், செங்கல் ஜல்லி, கரித்துண்டு, கொஞ்சம் நார்த்தூள், மண்புழு உரம். கலவை நல்லது. ஆனால் செங்கல் தூள் அதிகமாக இருக்கிறது, அப்படியே போட்டால் அடியில் இறங்கி ஓட்டையை அடைக்கும். சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சலித்த பிறகு ஒரு டம்ளர் ஊற்றினால் மளமளவென்று கீழே இறங்கிவிடுகிறது. மண்தொட்டி 35 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஈரத்தைப் பக்கவாட்டிலும் இழுத்துவிடும், அதையே வாங்குங்கள். முன்வரிசையில் இருக்கும் ஓட்டையில்லாத பீங்கான் கிண்ணங்களை எடுக்காதீர்கள். இந்தச் செடிகளைக் காட்டிக்கொண்டே அதையும் விற்பது சரியில்லை என்று அவரிடமே சொன்னேன். செடிகளில் பெயர்ச்சீட்டும் இல்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு அது சிரமம்.

வெட்டிய எச்சிவேரியாவை மாசியில் நட்டேன். ஒரு வாரம் கழித்து, அடியில் ஒழுகும் வரை முதல் தண்ணீர். பிறகு ஊதுபத்திக் குச்சியை அடிவரை செருகிப் பார்த்து, ஈரமில்லாமல் வந்தால்தான் அடுத்தது. பங்குனியில் லேசாக அசைத்துப் பார்த்தபோது மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்று முழுக்க எனக்கு அதே சந்தோஷம். ஜேட் இரண்டும் தழைத்துவிட்டன. தாழ்வார நிழலுக்கு மாற்றிய ஹவோர்தியாவும் சுகம். அழுகாமல் தப்பியிருந்த இன்னொரு எச்சிவேரியா சித்திரை வெக்கையில் போய்விட்டது.

அதற்குப் பதில் ஒன்று வாங்கச் சித்திரையிலேயே போனேன். கையில் காசு வைத்திருந்தும் தம்பி கொடுக்கவில்லை. "இது பகல்ல இலைத்துளையை மூடிக்கிட்டு ராத்திரி குளிர்ச்சியிலதான் திறக்கும். இப்ப ராத்திரியும் வெக்கை குறையல, புதுசா நட்டா தாங்காது. மழை முடிஞ்சு வாங்க ஆச்சி." விற்க வேண்டியவரே வேண்டாமென்று திருப்பி அனுப்பியதால்தான் இந்தக் கடையைப் பற்றி எழுத வேண்டுமென்று தோன்றியது.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் பூட்டிவிடுகிறார்கள். நோய்ப்பட்ட செடியை வேரும் தொட்டியுமாகவே எடுத்துப் போங்கள், போட்டோவை மட்டும் காட்டினால் அவர் எதுவும் சொல்வதில்லை. எங்கள் முற்றத்தில் ஐப்பசி மழை நேராக இறங்கும் என்பதால் தொட்டிகளை எல்லாம் முகப்புத் திண்ணைக்கு ஏற்றியிருக்கிறேன். மார்கழி பிறந்ததும் இரண்டு எச்சிவேரியா வாங்கப் போக வேண்டும். ஜேட்டில் ஒடித்து நட்ட கிளை வேர் பிடித்திருக்கிறது, அதைத் தம்பிக்குக் கொடுப்பதற்காக ஒரு சின்னத் தொட்டியில் தனியாக வைத்திருக்கிறேன்.