சின்னக் கேபினட்டுக்குள் எந்தக் கிராபிக்ஸ் கார்டு?

வேளச்சேரியில் அக்காள் வீட்டு மாடி அறைக்கு மேற்குப் பார்த்த சுவர். கத்திரி வெயில் நாட்களில் இரவு எட்டு மணிக்கும் அதில் கை வைத்தால் சுடும். அந்தச் சுவரோரம்தான் அக்காள் மகனின் குட்டிக் கேமிங் கம்ப்யூட்டர் இருக்கிறது. புதிதாகக் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும், எது அதிக வேகம் என்று கேட்டான். வேகம் இருக்கட்டும், முதலில் ஸ்கேலை எடு என்றேன்.

கேபினட்டுக்குள் கார்டுக்குக் கிடைக்கும் நீளம் 25 சென்டிமீட்டர். தடிமனுக்கு இரண்டு ஸ்லாட், அதாவது சுமார் 4 சென்டிமீட்டர். மூன்று ஃபேன் வைத்த கார்டுகள் பெரும்பாலும் இந்த அளவிலேயே கழிந்துவிடும். பலர் மறப்பது கார்டின் மேல்விளிம்பில் செருகும் 8 பின் மின் கேபிளை. அது வளைவதற்கு இடம் வேண்டும். பழைய கேபிளை வளைத்துப் பிடித்துக்கொண்டு மூடியைப் பொருத்திப் பார்த்தோம். விரல் கனம்கூட மிச்சமில்லை.

எஞ்சியவை மூன்று: என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060, ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இன்டெல் ஆர்க் பி580.

மின்சாரத்தில் 5060 சிக்கனமானது, 145 வாட். 9060 எக்ஸ்டியின் 16 ஜிபி வகைக்கு 160 வாட், பி580க்கு 190 வாட். கார்டு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகி அறைக்குள்தான் வந்து சேரும். ஏசி இல்லாத மாடி அறையில் 45 வாட் வித்தியாசத்தை உடம்பே சொல்லும். 12 ஜிபி நினைவகம் இருந்தும் பி580ஐ நான் ஒதுக்கியதற்கு இது ஒரு காரணம். ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகவிடும் வசதி) இல்லாத மதர்போர்டில் அது வெகுவாகத் தடுமாறும், பழைய பிராசசரோடும் சரியாக ஒத்துப்போகாது என்பது இன்னொன்று.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். இவனுடையது இன்டெல் 10ஆம் தலைமுறை ஐ5. கார்டுக்குத் தரவு போய்வரும் பாதையான பிசிஐஇயில் அதற்குப் பழைய 3.0 பதிப்பு மட்டுமே உண்டு. அந்தப் பாதையின் பதினாறு வழித்தடங்களில் 5060 எட்டையே பயன்படுத்துகிறது, 9060 எக்ஸ்டி பதினாறையும் பயன்படுத்துகிறது. 5060இன் 8 ஜிபி நினைவகம் விநாடிக்கு 448 ஜிபி வேகத்தில் தரவை எடுத்துக் கொடுக்கும். விளையாட்டு அந்த 8 ஜிபியைத் தாண்டிவிட்டால் மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து இழுத்துவர வேண்டும். பிசிஐஇ 3.0இல் எட்டு வழித்தடங்களுக்குக் கிடைப்பது விநாடிக்குச் சுமார் 8 ஜிபி. கத்திப்பாரா மேம்பாலத்தில் வந்த வண்டிகளெல்லாம் ஒரே சந்துக்குள் நுழைந்தால் எப்படியோ, அப்படி. விநாடிக்கு எத்தனை படம் என்ற சராசரி எண்ணிக்கை நன்றாகவே தெரியும். திரையோ திடீர் திடீரென்று திக்கும்.

5060க்கும் பெரிய பலம் உண்டு. குறைந்த தெளிவில் உருவாக்கிய படத்தைக் கூர்மையாக்கி வேகம் கூட்டும் அதன் டிஎல்எஸ்எஸ் நுட்பம் ஏராளமான விளையாட்டுகளில் இயங்குகிறது. அதே வேலையைச் செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 4 அத்தனை பரவலாக இல்லை. வீடியோ எடிட்டிங், பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணப் படம் செய்வது போன்ற வேலைகளுக்கும் என்விடியாவே வசதி. அந்த வேலைதான் முக்கியம் என்றால், செலவு கூடினாலும் 5060 டிஐ 16 ஜிபியைப் பார்க்கச் சொல்வேன். அது 180 வாட் இழுக்கும், வழித்தடமும் எட்டுதான். ஆனால் நினைவகம் நிரம்பி வழியாதபோது வழித்தடக் குறைவு அவ்வளவாக உறுத்தாது.

இவன் விளையாட மட்டுமே கேட்கிறான். ஆகவே 9060 எக்ஸ்டி 16 ஜிபி. பவர்கலரின் ரீப்பர் வகை சுமார் 20 சென்டிமீட்டர் நீளம்தான், இரண்டு ஸ்லாட்டுக்குள் அடங்கிவிடும். இதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறது. ரிச்சி தெருவில் பில் போடுவதற்கு முன் அட்டைப்பெட்டியில் 16 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குவது நல்லது, வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

கார்டு வருவதற்கு முன் செய்யச் சொன்ன வேலை ஒன்று உண்டு. அந்தக் கேபினட்டில் கார்டு பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது, அந்தப் பக்கத்தை அவன் மேற்குச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தான். நகர்த்திப் பார்த்தால் துளைகளில் பாதி தூசியால் அடைபட்டிருந்தது. பழைய பெயிண்ட் பிரஷ் ஒன்றை எடுத்து அன்றைக்கே தட்டிச் சுத்தம் செய்தோம்.