குளிர்காலத் தொழுவம்: தினமும் அள்ளுவதா, மேல்மேல் பரப்புவதா?

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போவதுண்டு. அங்கே இரண்டு மாடு, நாலைந்து ஆடு வைத்திருக்கும் குடும்பம் தொழுவத்தைத் தினமும் சுத்தம் செய்யலாம். இல்லையென்றால், சாணத்தின் மேலேயே புது வைக்கோலைப் பரப்பிக்கொண்டே போய், வசந்தத்தில் மொத்தமாக அள்ளலாம்.

தினமும் அள்ளினால் வாடை குறைவு, வைக்கோல் செலவும் கம்மி. ஆனால் உறைந்த சாணத்தில் மண்வெட்டி இறங்காது. பனியில் தள்ளுவண்டியும் நகராது.

மேல்மேல் பரப்பினால் அடியில் சாணமும் வைக்கோலும் மக்கிச் சூடு எழும்பும். மாடு படுக்கும் இடம் வெதுவெதுப்பாக இருக்கும். அதைவிட முக்கியம், மேல்பரப்பு காய்ந்திருப்பது. குளிர்கால ரோமம் அடர்ந்து உலர்ந்திருந்தால் மாடு சுமார் மைனஸ் 8 டிகிரி வரை கூடுதல் தீனி இல்லாமல் தாங்கும். அதே மாடு நனைந்துவிட்டால், 15 டிகிரியிலேயே உடம்புச் சூட்டைக் காக்கக் கூடுதல் தீனி தேவைப்படும். அதனால் வைக்கோலில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

இந்த முறையில் சிக்கல் காற்றோட்டம்தான். குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்பையும் அடைத்தால் சாணம், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு தேங்கி, கால்நடைகளின் நுரையீரல் கெடும். மாடு படுக்கும் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண் எரிந்தால் கூரையோரம் உடனே திறந்துவிட வேண்டும்.

ஆடுகளுக்கும் இறைச்சி மாடுகளுக்கும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கறவை மாடு என்றால் யோசிக்க வேண்டும். சூடான படுக்கையில் ஈரம் சேர்ந்தால் மடிநோய்க் கிருமிகள் பெருகும். கறக்கும் இடத்தையாவது தினமும் அள்ளிவிடுங்கள்.